உறையும் உரிமையும்

அண்மையில் ஒரு மாலைப் பொழுதில், வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையிலே ஆசிரியர் சிலர் கூடியிருந்தோம். கூடியதற்குக் காரணம் இலக்கியமன்று, பழைய கணினிகள். மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு அளித்துவந்த பொது ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதன் பின்வந்த விண்டோஸ் 11, தனியொரு பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் இருந்தாலன்றி உள்ளே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. எமது பாடசாலைகளிலும் மாணவர் வீடுகளிலும் உள்ள பொறிகளிற் பல இந்த வாயிலைத் தாண்ட மாட்டாதவை. விசைப்பலகை இயங்குகிறது, திரை ஒளிர்கிறது, வன்தட்டு சுழல்கிறது. ஆயினும் அவை காலாவதியானவை என்று எங்கோ ஒரு சபையிலே தீர்ப்பாகிவிட்டது. இத் தீர்ப்பை ஏற்பதில்லை என்றும், லினக்ஸ் வகைகளுள் இலகுவான ஒன்றை டீவீடிகளிற் பதிந்து மாணவர்க்கு வழங்குவதென்றும் நண்பர்கள் முடிவுசெய்தனர். பென் டிரைவ் எல்லா மாணவரிடத்தும் இல்லை. தள்ளிவைக்கப்பட்ட அப் பழைய பொறிகளிலோ டீவீடித் தட்டு இன்னும் இருக்கிறது.

முடிவு நல்ல முடிவு. சண்டை வந்தது உறையிலே.

உறைக்கென வரைந்த படம் கைமாறிக் கைமாறி எம்மிடம் வந்தது. 1996இல் லறி யூவிங் என்பவர் வரைந்த லினக்ஸ் பென்குயின், அந்த உறையில் வேட்டி உடுத்து, நெற்றி நிறைய நீறு பூசி நின்றது. அதன் பின்னே ஒரு கோபுரம். மேலே முறைமையின் பெயர் ஆங்கிலத்தில். கீழே செந்நிறப் பட்டையொன்றில், பத்தடிக்கு அப்பால் நிற்பவனும் வாசிக்கத்தக்க அளவில், ‘முற்றிலும் இலவசம்’. பின்பக்கம் முழுவதும் ஆங்கிலம். எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. ஆக, வேட்டியும் கோபுரமும் நீங்கலாகத் தமிழ் அதில் இரண்டே சொல். அவ்விரண்டிலும் ஒன்று பிழையானது என்பது எமது கட்சி.

இவ்வுறை அச்சேறக்கூடாது என்றோம். “உறையிலே என்ன இருக்கிறது? உள்ளேயிருக்கும் வட்டல்லவா முக்கியம்?” என்றார் ஒருவர். “உள்ளடக்கம் புரட்சிகரமானதாக இருக்கையில் உருவத்தைப் பற்றி மல்லுக்கு நிற்பது எமக்கு அழகன்று” என்றார் இன்னொருவர். இருவரும் எமது முகாமைச் சேர்ந்தவர்கள்; நல்லவர்கள். ஆதலாற்றான் அவர்களுக்குப் பகிரங்கமாகவே விடையிறுக்க விரும்புகிறோம்.

இறுவட்டின் உறை என்பது பன்னிரண்டு சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு வட்டினை அடக்கும் சதுர அட்டை; அவ்வளவே. ஆனால் அந்தச் சதுரத்திற்கு ஒரு சரித்திரம் உண்டு. 2004 ஒக்டோபரில் உபுண்டு என்னும் லினக்ஸ் வகை வெளிவந்தது. அதனைத் தோற்றுவித்தவர் மார்க் ஷட்டில்வேர்த் என்னும் தென்னாபிரிக்கர். 1999இல் தமது நிறுவனத்தை விற்றுப் பெருஞ் செல்வரானவர். 2002இல் காசு கொடுத்து விண்வெளிக்குப் போய் வந்தவர். செல்வரின் தயாளத்தைப் பற்றி இவ்விதழின் வாசகர்க்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அவரது கனோனிக்கல் நிறுவனம் ஒரு காரியம் செய்தது. கேட்டவர் எந்நாட்டவராயினும், தபாற் செலவையும் தானே ஏற்று, அச்சிட்ட உறையிலிட்ட வட்டுகளை அவர்தம் வீட்டு வாயிலுக்கு அனுப்பிற்று. ஷிப்இட் எனப்பட்ட இத் திட்டம் 2011 ஏப்பிரலில் நிறுத்தப்படும்வரை உலகெங்கும் அந்தச் சதுர அட்டைகள் பறந்து திரிந்தன. எமது நாட்டுக்கும் வந்தன. எமக்கும் ஒன்று வந்தது.

ஆண்டு 2008. பல்கலைக்கழகம் புகுவதற்கு நாம் காத்திருந்த காலம். வெள்ளவத்தையிலே அறையெடுத்துத் தங்கியிருந்தோம். இணைய வசதி எமக்கு மணிக்கணக்கில் வாங்கும் பண்டம். எழுநூறு மெகாபைற்றுகளை இறக்குவதென்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். தபாற்காரர் தந்த கடிதவுறையைப் பிரித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை. மேலிருந்து நோக்கினாற்போல், கைகோத்து வட்டமாய் நிற்கும் மூன்று மனிதரைக் குறிக்கும் அந்தச் சின்னத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். உறையின் பின்புறத்திலே ஒரு செய்தி அச்சிடப்பட்டிருந்தது: இவ்வட்டைப் பிரதிசெய்யலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம், சட்டம் அதற்கு இடந்தருகிறது. ஒரு பண்டத்தின் மேலுறையிலே இவ்விதம் எழுதப்பட்டதை அதற்குமுன் நாம் கண்டதில்லை.

ஆனால் அச் செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. உள்ளேயோ தமிழ் இருந்தது! முறைமையை நிறுவத் தொடங்குகையில் தோன்றும் மொழிப் பட்டியலிலே தமிழும் ஒன்று. தமிழகத்திலும் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் வாழ்ந்த ஆர்வலர் சிலர், ஊதியம் எதிர்பாராது, இந் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லினக்ஸின் இடைமுகச் சொற்களைத் தமிழாக்க முற்பட்டதன் பயன் அது. வட்டின் கொள்ளளவு சிறிதாகையால் தமிழ்ப் பொதியின் பெரும்பகுதியைப் பின்னர் இணையத்திலிருந்து இறக்க வேண்டியிருந்தது. இணையம் இல்லாதவனுக்கென்று தபாலில் வந்த வட்டு, இணையம் உள்ளவனோடு மாத்திரமே நிறையத் தமிழ் பேசிற்று. வட்டிலே இடமில்லை என்பது உண்மையான நியாயம், அதனை ஏற்கிறோம். உறைக்கு மெகாபைற்றுக் கணக்கு ஏது?

இதிலே என்ன கெட்டுப்போயிற்று என்பார்க்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்வோம்.

அக்காலம் கொழும்பிலே தமிழராய் வாழ்ந்தவர் மறவாத காலம். 2007 ஜூன் 7ஆம் நாள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அச் செயலைத் தடுத்தது. தடுத்தபோதும் அச்சம் போகவில்லை. அடுத்த ஆண்டில் ஒரு நாள், கொட்டாஞ்சேனையிலிருந்த நண்பனுக்குக் கொடுப்பதற்காக அவ்வட்டைப் பையிலிட்டுக்கொண்டு சென்றபோது சோதனைச் சாவடியிலே இறக்கப்பட்டோம். பையைக் கிளறிய சிப்பாய் வட்டை எடுத்தான். “மேக மொகக்த?” என்றான். நாம் அறிந்த சிங்களத்தில் ‘கணினி’ என்றோம். அவன் உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். அவனுக்கும் எம்மளவே ஆங்கிலம். அல்லது எம்மிலும் சற்றுக் குறைவு. வெளிநாட்டு முத்திரை, அறியாத பெயர், அறியாத சின்னம், தமிழ் இளைஞனின் பை. வெயிலிலே அரைமணி நேரம் நின்றோம். பின்னர் போகவிட்டான். அவன் தீயவனாகத் தோன்றவில்லை. ஏதோவொரு கிராமத்துப் பாடசாலையில் அரசாங்கம் கொடுத்த இலவசப் பாடநூலைக் கையிலேந்திப் படித்தவனாக இருந்திருப்பான். எம் இருவருக்கும் இடையே ஒரு சதுர அட்டை. அதிலே அவனுடைய மொழியிலும் ஒரு சொல்லில்லை, எம்முடைய மொழியிலும் ஒரு சொல்லில்லை.

மற்றையது நாம் ஆசிரியரான பின் நேர்ந்தது. கொட்டாஞ்சேனை மாணவன் ஒருவன், இவ்வகை வட்டொன்றை யாரிடமோ பெற்றுப்போய், தந்தையின் கடையிலிருந்த கணினியில் இட்டு, திரையிலே கேட்ட கேள்விக்கெல்லாம் ‘ஆம்’ என்று தட்டிக்கொண்டே போனான். வன்தட்டு முழுவதும் துடைக்கப்பட்டுப் புதிய முறைமை அழகாக நிறுவப்பட்டது. கடையின் இரண்டாண்டுக் கணக்கும் கடன்காரர் பெயர்களும் போயின. நிறுவாமலே வட்டிலிருந்து இயக்கிப் பார்க்கலாம் என்பதும், நிறுவுமுன் கோப்புகளை வேறிடத்திற் பிரதிசெய்து வைக்க வேண்டும் என்பதும் உறையின் பின்புறத்திலே சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில், ஒழுங்காகத்தான் அச்சிடப்பட்டிருந்தன. அந்தப் பிள்ளை ஒரு வாரம் பாடசாலைக்கு வரவில்லை. வந்தபோது முகத்தில் அடிபட்ட தழும்பு இருந்தது. வட்டை எம்மிடம் நீட்டி, “சேர், இத கொப்பி பண்ணித் தந்தவங்களுக்கும் பிரச்சின வருமா?” என்று கேட்டான். பிரதிசெய்வது குற்றமன்று, அஃது உரிமை என்று சொன்ன வரியும் அதே உறையிலேதான் இருந்தது.

‘உறையிலே என்ன இருக்கிறது’ என்று கேட்ட நண்பர் இதற்கு விடை சொல்லட்டும்.

இனி அந்தச் செந்நிறப் பட்டைக்கு வருவோம். கட்டற்ற மென்பொருள் என்னும் இயக்கத்தை ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் தொடங்கியபோது, ஆங்கில மொழி அவருக்கு ஓர் இடையூறு செய்தது. காசில்லாமற் கிடைப்பதையும் தளையின்றி இருப்பதையும் அம்மொழி ஒரே சொல்லாற் குறிக்கிறது. தாம் பேசுவது விலையைப் பற்றியன்று, விடுதலையைப் பற்றி என்று அவர் மேடைக்கு மேடை விளக்கவேண்டியதாயிற்று. 1998இல் ‘திறந்த மூலம்’ என்ற புதுப்பெயர் எழுந்ததற்கும் இக் குழப்பம் ஒரு காரணம். வணிகரை அஞ்சவைக்கக் கூடாது என்பது இன்னொரு காரணம், அதனையும் மறைக்க வேண்டியதில்லை. தமிழுக்கு இந்த இடர்ப்பாடு உண்டா? எம்மிடம் ‘இலவசம்’ வேறு, ‘விடுதலை’ வேறு. ‘கட்டற்ற’ என்று சொல்லிவிட்டால் விலையின் பேச்சே எழாது. ஆங்கிலேயன் இல்லையே என்று ஏங்கிய வேறுபாட்டை எமது மொழி தயாராக வைத்திருக்கிறது. அதனை உறையிலே இடாமல், அவனுடைய குழப்பத்தையே மொழிபெயர்த்துச் செந்நிறத்தில் அச்சிடுகிறோம்!

இலவசம் என்ற சொல்லை நாம் இழிவுபடுத்துவதாக எவரும் கருதவேண்டாம். கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இல்லையேல் இக் கட்டுரையை எழுதும் கை எழுதக் கற்றிராது. ஆனால் அங்கும் மக்கள் அச்சொல்லை உரிமையென்றே விளங்கிக்கொண்டனர். ஆதலாற்றான் அதிலே கைவைக்க எண்ணும் அரசாங்கம் ஒவ்வொன்றும் தெருவிலே மாணவரைச் சந்திக்க நேர்கிறது. வட்டின் நிலை அதுவன்று. கடைத்தெருவிலே ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதையே கண்டு வளர்ந்த பிள்ளை, இலவசம் என்றதும் மட்டமான சரக்கு என்று எண்ணும். அல்லது யாரோ ஒரு புண்ணியவான் இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று எண்ணும். இரக்கப்பட்டுக் கொடுத்ததை மாற்றவும் திருத்தவும் பெருக்கவும் எவனுக்கு மனம் வரும்?

கொடுப்பவன் முகம் உறையில் ஏறினால் என்ன நேரும் என்பதற்குத் தமிழகத்தைப் பார்க்கலாம். 2011இல் ஜெயலலிதா அரசு மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. ‘இலவசம்’ என்ற சொல்லின் இழிவை அவ்வரசு உணர்ந்திருந்தது. ‘விலையில்லா மடிக்கணினி’ என்று பெயரிட்டது. சொல் திருந்திற்று, பொருள் திருந்தவில்லை. மடிக்கணினியின் மூடியிலேயே முதலமைச்சரின் படம் பொறிக்கப்பட்டிருந்தது. அதே பொறியினுள்ளே, விண்டோஸுக்குப் பக்கத்தில், இந்திய அரசின் சீ-டக் நிறுவனம் ஆக்கிய பொஸ் என்னும் லினக்ஸ் முறைமையும் இருந்தது. பிரதிசெய்யவும் திருத்தவும் எல்லோர்க்கும் உரிமையுள்ள பொருள் அது. மூடியிலே அதற்கு ஒரு வரி இல்லை. கோடிக்கணக்கான கண்கள் பார்த்திருக்கக்கூடிய அந்த இடத்தை ஒரு முகம் பிடித்துக்கொண்டது.

தமிழ் படித்தவர்க்கு இதனை வேறு விதமாகவும் சொல்லலாம். பவணந்தியின் நன்னூலைப் பரீட்சைக்காக உருப்போட்டவர் பலர். அதன் பாயிரத்தைப் பயனுள்ள சங்கதியாகக் கருதியவர் சிலர். நூலொன்றின் முகப்பிலே என்னென்ன சொல்லப்படல் வேண்டும் என்று அங்கே ஒரு வரையறை உண்டு. ஆக்கியவர் யார், எந்நூலின் வழிவந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, பெயர் என்ன, எதைப் பற்றியது, கேட்பதற்குரியவர் யார், பயன் என்ன என்றிவையெல்லாம் அதனுள் அடங்கும். இவ்வளவையும் ஓர் இறுவட்டின் உறையிலே எழுதிப் பாருங்கள். ஆக்கியவர், பல நாடுகளில் வாழும் பல்லாயிரவர். அவருள் தமிழரும் உளர், இலங்கையரும் உளர். வழி? உபுண்டு ஒரு வழிநூல். அதன் முதனூல் 1993இல் தோன்றிய டெபியன். இதைச் சொல்லிவிட்டால், வழிநூல் செய்யும் உரிமை தனக்கும் உண்டு என்பது மாணவனுக்குத் தானே விளங்கிவிடும். கேட்பதற்குரியவர், பழைய பொறியொன்றை வைத்திருக்கும் எவரும். பயனையும், வன்தட்டைத் துடைக்கும் அபாயத்தையும் நான்கு வரியிற் சொல்லலாம். நண்பர்களின் உறையிலே இவற்றுள் எது இருக்கிறது? பெயர் மட்டும் இருக்கிறது, அதுவும் வேற்றெழுத்தில்.

உள்ளடக்கம் முதன்மை, உருவம் இரண்டாவது என்று பேசும் நண்பருக்குக் கட்டற்ற மென்பொருளின் வரலாறே ஒரு பாடம் வைத்திருக்கிறது. உள்ளே இருப்பது பொதுவுடைமை. மேலே இருப்பது பெரும்பாலும் தனியுடைமை. ஃபயர்பொக்ஸ் என்னும் உலாவியின் நிரலை எவரும் எடுக்கலாம், மாற்றலாம். ஆனால் அதன் நரிச் சின்னம் அவ்வாறு கட்டற்றதாக இருக்கவில்லை. சின்னத்தை விட்டுவிட்டுப் பெயரை மாத்திரம் பாவிக்க முடியாது என்று மொசில்லா சொன்னபோது, டெபியன் இயக்கத்தினர் 2006இல் அதே உலாவிக்கு ஐஸ்வீசல் என்று வேறு பெயரிட்டு வழங்கினர். பத்தாண்டு கழித்து, 2016இலேதான், பிணக்குத் தீர்ந்து பழைய பெயர் மீண்டது. ரெட் ஹற் நிறுவனத்தின் முறைமையைப் பிரதிசெய்து சென்ட்ஓஎஸ் என வழங்கியோரும் அந் நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் ஒவ்வோரிடமாகத் தேடி நீக்கிவிட்டே வழங்க வேண்டியிருந்தது. நிரலிலே விட்டுக்கொடுத்ததை முகப்பிலே இறுகப் பிடித்துக்கொள்ளும் தந்திரத்தை மூலதனம் நன்கு அறியும். அதற்கு உறை அற்பமன்று. எமக்கு மாத்திரம் அற்பமாக இருக்கிறது!

நேர்மையாகச் செய்தவர்களும் உண்டு. ஓப்பன்பிஎஸ்டி என்னும் முறைமையை ஆக்குவோர், நிரலை எவரும் எடுத்துக்கொள்ள விட்டுவிட்டு, வட்டின் அமைப்பையும் உறையின் ஓவியத்தையும் பதிப்புரிமைக்குள் வைத்து, வட்டை விலைக்கு விற்றனர். அந்த வருமானம் வேலையைத் தொடர உதவிற்று. 2016இல் வெளிவந்த 6.0ஆம் பதிப்போடு வட்டு விற்பனை முடிந்தது. வாங்குவோர்க்கு வெளிப்படையாகச் சொல்லிச் செய்தமையால் இதிலே நாம் குறை காணவில்லை. எமது காரியம் விற்பனையன்று. மாணவன் வட்டைப் பிரதிசெய்வான். உறையையும் பிரதிசெய்ய முடிய வேண்டாமா? நண்பர்களின் உறை நான்கு நிற ஒஃப்செற் அச்சுக்காக வரையப்பட்டது. கொட்டாஞ்சேனைச் சந்தியிலே நிழற்பிரதி இயந்திரத்தில் வைத்தால் வேட்டியும் கோபுரமும் ஒரே கரிய பூதமாகும்; செந்நிறப் பட்டை எழுத்தோடு சேர்ந்து இருண்டுபோகும். அப்படியானால் வட்டு கைமாறுகையில் உறை முதற் கையோடு நின்றுவிடும். அச்சடித்த உறையுள்ள வட்டு ‘அசல்’. வெள்ளைத்தாள் சுற்றிய வட்டு ‘கள்ளப் பிரதி’. கள்ளப் பிரதி என்பதே இல்லாத ஒரு பொருளுக்கு, உறையின் மூலம் அப்பெயரை நாமே சூட்டுகிறோம். கொழும்பின் கணினிக் கடைத்தொகுதிகளிலே திருட்டு வட்டுகள் விற்கப்பட்ட காலத்தை எமது மாணவரின் பெற்றோர் அறிவர். அவர்களுக்கு வெறும் வட்டு என்றால் திருட்டு வட்டுத்தான்.

ஆதலின் கறுப்பு மையில், ஒரே ஏ4 தாளில், எந்த நிழற்பிரதி இயந்திரத்திலும் தெளிவாக விழத்தக்க உறையே வேண்டும். இருபுறமும் நான்கு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே மடித்து, கீழ்ப்பாகத்தை மேலே ஏற்றி, எஞ்சும் நாக்கைச் செருகிவிட்டால் வட்டு அடங்கிவிடும். பசையும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். 2022 மார்ச்சிலே கடதாசியில்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்ட நாட்டில் மினுமினுப்பான அட்டையைக் கனவு காண்பது யாருக்காக என்று கேட்கிறோம்.

எழுத்துருவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட இயலாது. நண்பர்கள் சென்ற அச்சகத்திலே யூனிகோட் எழுத்து ‘உடையும்’ என்று சொல்லி, ‘முற்றிலும் இலவசம்’ என்பதைப் பாமினி எழுத்துருவிலே அடித்துக் கொடுத்திருக்கின்றனர். பாமினி எமக்கு அந்நியமன்று. போர்க்காலத்திலும் புலம்பெயர்விலும் எமது பத்திரிகைகளையும் மலர்களையும் சுமந்த எழுத்துரு அது. ஆனால் அதிலே கண்ணுக்குத் தெரிவதே தமிழ். கணினியின் நினைவிலே பதிவது ஆங்கில எழுத்துக்களின் பொருளற்ற கோவை. யூனிகோட்டிலே தமிழுக்கு 1991 முதலே சொந்த இடம் உண்டு. எழுத்து உடைந்ததென்றால் பிழை தமிழிலன்று, தமிழைப் பழகாத கருவியிலே. இவ்விடயத்தில் எமது பக்கத்துக் கருவிகளும் சுத்தமானவையல்ல என்பதை ஒப்புக்கொள்வோம். ஸ்கிறைபஸ் என்னும் கட்டற்ற பக்கவடிவமைப்பு மென்பொருள், கொம்பையும் உயிர்மெய்யையும் ஒழுங்காகக் கோக்கக் கற்றது 2017இன் சோதனைப் பதிப்பிலே. அது நிலையான பதிப்பாக வந்தது 2024இலே. இப்போது காரணம் சொல்ல இடமில்லை. இங்ஸ்கேப்பிலோ ஸ்கிறைபஸ்ஸிலோ யூனிகோட் தமிழிலே அமைத்து, மூலக்கோப்பையும் வட்டினுள்ளேயே இட்டுவிட்டால், மட்டக்களப்பிலோ அட்டனிலோ உள்ள ஆசிரியர் தம்மூர் வழக்குக்கேற்ப உறையைத் திருத்திக்கொள்வார்.

வேட்டி கட்டிய பென்குயினை நாம் விரும்பவில்லை என்றதும் ஒருவர் எம்மைத் தமிழ்ப் பற்றில்லாதவர் என்றார். நகைத்தோம். சொல்லிலே இல்லாத தமிழைத் துணியிலே கட்டிவிடுவது பற்றாகுமா? நீறு பூசிய பறவையை அருகிலேயுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகும் பிள்ளை தன்னுடையதென்று கொள்ளுமா? தமிழிலே படிக்கும் முஸ்லிம் பிள்ளை கொள்ளுமா? தோட்டத்துப் பிள்ளை, தன் தகப்பன் என்றைக்கோ ஒரு நாள் உடுத்தும் பட்டு வேட்டியைக் கண்டு, இது பெரிய இடத்துச் சங்கதி என்று ஒதுங்காதா? மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் ஒரு காலத்தில் மலிவு விலையில் அனுப்பிய நூல்களை இவ்விதழின் மூத்த வாசகர் மறந்திருக்கமாட்டார். அங்கே அச்சான அந்நூல்களின் அட்டையிலே தமிழ் எழுத்து இருந்தது, கோபுரம் இருக்கவில்லை. அந்நியன் எமது மொழியில் எமக்கு எழுதினான். நாமோ எமது பிள்ளைகளுக்கு அந்நிய மொழியில் எழுதி, ஓரத்திலே கோபுரம் வரைகிறோம்.

“கணினி பாவிப்பவனுக்கு ஆங்கிலம் தெரியும்” என்பது எஞ்சியுள்ள வாதம். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு எமது வட்டு வேண்டியதில்லை. அவன் தானே தேடி எடுத்துக்கொள்வான். வட்டு யுகம் முடிந்துவிட்டது என்பாருக்கும் அதுவே விடை: யாருக்கு முடிந்துவிட்டது? பென் டிரைவிலே கொடுத்தாலும் ஒரு தாளிலே சுற்றித்தான் கொடுப்போம். அந்தத் தாளிலே என்ன எழுதுவோம் என்பதுதான் கேள்வி.

சண்டையின் முடிவிலே, எம்மையே வேறோர் உறை வரைந்து வருமாறு பணித்தனர். வரைந்துவிட்டோம். முன்பக்கத்தின் மேற்பாதி தமிழ், கீழ்ப்பாதி சிங்களம். இரண்டும் ஒரே அளவு எழுத்து. ‘இது கட்டற்ற மென்பொருள், பிரதிசெய்து பிறர்க்குக் கொடுக்க உனக்கு உரிமை உண்டு’ என்பது முதல் வரி. பின்பக்கத்திலே வன்தட்டு அழியும் எச்சரிக்கை, கட்டத்துக்குள், மற்றெல்லா எழுத்திலும் பெரிதாக. உள்ளே மடியும் நாக்கில், கொடுத்தவர் பெயருக்கும் வாங்கியவர் பெயருக்குமாகச் சில வெறுங்கோடுகள். கோபுரம் இல்லை, பென்குயின் இருக்கிறது, வேட்டியின்றி.

சிங்கள வரிகளை எழுதித் தருமாறு உடன் கற்பிக்கும் சிங்கள நண்பர் ஒருவரைக் கேட்டிருந்தோம். சிங்களத்திலும் ‘நொமிலே’ என்றால் விலையின்றி, ‘நிதஹஸ்’ என்றால் விடுதலை. அவர்களுக்கும் இரண்டு சொல் உண்டு. நேற்று அவர் எழுதியனுப்பிய தாளிலே ‘நொமிலே’ என்றிருக்கிறது, அடிக்கோடும் இட்டு. சனிக்கிழமை அவரோடும் இந்தச் சண்டையைப் போட வேண்டும்.